பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்த பிறகு: நேரே வேலையா, எம்.எஸ்சி.யா, அமெரிக்காவா, இங்கிலாந்தா?

பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது பேச்சு-மொழிச் சிகிச்சையும் செவித்திறனும் சேர்ந்த இளநிலைப் படிப்பு. அதன் இன்டர்ன்ஷிப் முடியப்போகும் மாதங்களில் என் போனுக்கு வரும் செய்திகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். "அக்கா, ஒரு டவுட். எம்.எஸ்சி. பண்ணவா, ஸ்டேட்ஸ் போகவா? அப்பா லோன் போடலாம்னு சொல்றார். கூடப் படிச்சவ யு.கே.க்கு டாக்குமென்ட்ஸ் அனுப்பிட்டா, நான்தான் இன்னும் குழம்பிட்டு இருக்கேன்." ஒவ்வொருத்திக்கும் பத்து நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

நான் சென்னையில் ஸ்பீச் தெரபிஸ்ட். மருத்துவமனை, ஆட்டிசம் சென்டர், சொந்த கிளினிக் என்று சுற்றி வந்தவள். ஒருமுறை வெளிநாட்டுக்குப் பாதி தூரம் விண்ணப்பித்துவிட்டு நின்றும் போனவள். அந்தக் கதை கடைசியில் வரும்.

முதலிலேயே ஒன்று. பெரும்பாலானவர்கள் எந்த யுனிவர்சிட்டி என்பதில் தொடங்குகிறார்கள். எந்த நாட்டுப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற வேண்டும் என்பதில் தொடங்குங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் என்ன படிக்க வேண்டும், படிக்கத்தான் வேண்டுமா என்பது தன்னால் தெரிந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது?

பதிவு. நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, ஆர்.சி.ஐ.யின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (அந்த ஆயிரம் ரூபாய் இன்றைக்கு இரண்டு செஷன் கட்டணம். மூன்று மாத கோர்ஸ் படித்தவர்கள் தைரியமாக போர்டு மாட்டுவது ஏன் என்று ஆச்சரியப்பட வேண்டாம்.) அமெரிக்காவில் மாநில உரிமமும், அதோடு ஆஷா என்கிற அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கத்தின் சான்றிதழும். இங்கிலாந்தில் எச்.சி.பி.சி. என்கிற சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலின் பதிவு. ஓர் ஊர்ப் பதிவு இன்னோர் ஊரில் செல்லாது.

மணிக்கணக்கு. நீங்கள் பார்த்த நோயாளிகளின் மணிநேரம் போகிற இடத்தில் எவ்வளவு எண்ணப்படும் என்பது. இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை.

பணம். கட்டணம் மட்டும் பணம் அல்ல. மதிப்பீட்டுச் சான்று, தேர்வுகள், விசா, கார், படிக்கிற காலத்தில் வராமல் போன சம்பளம் எல்லாம் சேர்த்தி.

மொழி. மற்றவர்களுக்கு மொழி வேலை செய்ய உதவும் கருவி. நமக்கு மொழிதான் வேலையே. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பி வரும் வழி. விசா கிடைக்கவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம் வேறு ஊரில். அப்போது கையில் என்ன மிஞ்சும்?

## வழி 1: நேரே வேலை

நம் பி.ஏ.எஸ்.எல்.பி.யை நாமே குறைத்துப் பேசுகிறோம். இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நான்கு வருடம் படித்துவிட்டு வெளியே வந்தால், பேச்சு, செவித்திறன் இரண்டிலும் தனியாகவே தொழில் செய்யலாம். அமெரிக்காவில் பேச்சுப் பக்கம் போக முதுநிலைப் பட்டம் வேண்டும். செவித்திறன் பக்கம் போக 2012 முதல் ஆஷா முனைவர் நிலைப் பட்டமே கேட்கிறது. அங்கே இரண்டு தனித் தொழில்கள். இங்கே ஒரே சி.ஆர்.ஆர். நம்பரில், அதாவது ஆர்.சி.ஐ. மத்தியப் பதிவேட்டு எண்ணில், இரண்டும் அடக்கம்.

வேலை எங்கே கிடைக்கும்? காது மூக்கு தொண்டை மருத்துவமனைகள், ஆட்டிசம் சென்டர்கள், சிறப்புப் பள்ளிகள், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) குழுக்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு இம்பிளான்ட் செய்யப்படுவதால், அறுவைக்குப் பிந்தைய பயிற்சிக்கு ஆள் தேவை ஓய்வதே இல்லை. தொடக்கச் சம்பளமாக என் ஜூனியர்கள் சொல்வது பெரும்பாலும் 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள். அரசு மையங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான்.

இங்கே மறைந்திருக்கும் செலவு பணமாக வராது. சென்டரில் சேர்ந்த அன்றே உங்களிடம் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குழந்தைகளைக் கொடுத்துவிடுவார்கள். முக்கால் மணி நேர செஷன், அடுத்த குழந்தை, அடுத்த குழந்தை. நீங்கள் செய்வது சரியா என்று சொல்ல மேலே ஆள் இருக்காது. ஒரு வருடத்தில் கை பழகிவிடும், தப்பாகவும் பழகிவிடும். இன்னொன்று, காது கேட்கும் கருவி விற்கும் இடத்தில் சேர்ந்தால் மாத டார்கெட் இருக்கிறதா என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்தில் சேராதீர்கள். "சும்மா சேஃப்டிக்கு" என்பார்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்த சேஃப்டி யாருக்கு என்று புரியும்.

ஆனால் இந்த வழியில் கிடைக்கிற ஒன்று வேறு எங்கும் கிடைக்காது. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போன ஒரு பெரியவருக்குப் படம் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தேன். சீப்புப் படம். வெகுநேரம் யோசித்தவர் "வாழை..." என்றார். பக்கத்தில் இருந்த, தமிழ் தெரியாத மாணவி 'தொடர்பில்லாத பதில்' என்று குறித்துக்கொண்டாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. தலை சீவும் சீப்பைத் தேடிப் போன மனது வாழைச் சீப்பில் போய் நின்றிருக்கிறது. சொல் அவருக்குள் இருக்கிறது, கதவைத்தான் தவறாகத் தட்டியிருக்கிறார். "அந்தச் சீப்பு இல்லை தாத்தா, தலைக்கு" என்றதும் "சீப்பு" என்றார். தாய்மொழியில் வேலை செய்வதன் லாபம் இதுதான்.

எப்போது இது சரி: வீட்டில் உடனே வருமானம் வேண்டும் என்றால், குழந்தைகளா பெரியவர்களா, பேச்சா காதா என்று இன்னும் தெளிவில்லை என்றால், இங்கிலாந்துப் பதிவுக்கு அனுபவம் சேர்க்க நினைத்தால். முதல் வேலையில் ஒரு சீனியராவது இருக்கும் இடமாகப் பாருங்கள். சம்பளம் 3,000 குறைந்தாலும் பரவாயில்லை.

## வழி 2: இந்தியாவில் எம்.எஸ்சி.

முன்பு பேச்சும் செவித்திறனும் சேர்ந்த ஒரே முதுநிலைப் படிப்பாக இருந்தது. இப்போது எம்.எஸ்சி. பேச்சு-மொழி நோயியல், எம்.எஸ்சி. செவித்திறன் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. இரண்டு வருடம், நான்கு செமஸ்டர், ஓர் ஆய்வேடு. எல்லோர் வாயிலும் முதலில் வருவது மைசூர்தான். 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருவது. மும்பையில் 1983-இல் தொடங்கிய அலி யாவர் ஜங் நிறுவனம் இருக்கிறது. சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்கள். அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு, இடமும் குறைவு, நுழைவுத்தேர்வில் நெருக்கடி. தனியாரில் கட்டணம் லட்சங்களில்.

எம்.எஸ்சி. முடித்தால் சம்பளம் இரட்டிப்பாகிவிடும் என்று நினைத்துச் சேராதீர்கள். தனியார் கிளினிக்குகளில் பி.ஏ.எஸ்.எல்.பி.க்கும் எம்.எஸ்சி.க்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் சில ஆயிரங்கள்தான். அந்த இரண்டு வருடச் சம்பளத்தையும் கழித்துப் பார்த்தால் கணக்கு இடிக்கும். கல்லூரியில் பாடம் நடத்த, பிஎச்.டி. செய்ய, பெரிய மருத்துவமனையில் விழுங்குதல் கோளாறு, குரல் கோளாறு என்று ஒரு துறையில் ஆழமாகப் போக எம்.எஸ்சி. தேவை. அங்கே அதற்கு மாற்று இல்லை.

அப்புறம், தமிழில் நம் துறைக்கு இன்னும் எவ்வளவோ வேலை மிச்சம் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை 'வாளப்பளம்' என்கிறது. உச்சரிப்புக் கோளாறா? திருநெல்வேலிக் குழந்தை என்றால் பாட்டியே அப்படித்தான் சொல்வாள். சென்னைக் குழந்தை 'வாயப்பயம்' என்றால் அதுவும் தெருவே பேசுகிற பேச்சு. எது வட்டார வழக்கு, எது கோளாறு என்று பிரிக்க, எந்த ஊரில் எந்த வயதில் எந்த ஒலி நிலைபெறுகிறது என்ற அளவுகோல் வேண்டும். அதை எம்.எஸ்சி. ஆய்வேடுகள்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கின்றன. உங்களுக்கு இந்த மாதிரி கேள்விகளில் தூக்கம் கெடும் என்றால், கட்டணக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு விண்ணப்பியுங்கள். மைசூருக்குப் போகிறவர்கள் கன்னடமும் கற்றுக்கொண்டு வருவார்கள். அது இலவச இணைப்பு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "முதலில் இங்கே எம்.எஸ்சி., அப்புறம் அமெரிக்கா" என்று திட்டம் போடுபவர்கள் கவனியுங்கள். ஆஷாவுக்கும் இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து உள்ளிட்ட நாடுகளின் சங்கங்களுக்கும் இடையே பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உண்டு. இந்தியா அதில் இல்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் பட்டத்தை மதிப்பீடு செய்து ஆஷாவுக்கு நேரே விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. ஆனால் அவர்களுடைய ஒவ்வொரு தரவிதியையும் நம் பாடத்திட்டமும் நம் மணிநேரங்களும் நிறைவு செய்கின்றன என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். அதில் சிக்கி, கடைசியில் அங்கே போய் இரண்டாவது மாஸ்டர்ஸ் படித்தவர்களை எனக்குத் தெரியும். அமெரிக்காதான் என்று முடிவானால் எம்.எஸ்சி.யில் இரண்டு வருடம் போடாமல் நேரே அங்கேயே படிப்பது நல்லது என்பது என் கருத்து.

எப்போது இது சரி: ஆசிரியப் பணி, ஆராய்ச்சி, ஒரு துறையில் நிபுணத்துவம் வேண்டும் என்றால், அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால். தனியாரில் கடன் வாங்கிப் படிப்பதென்றால் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு யோசியுங்கள்.

## வழி 3: அமெரிக்காவில் எம்.எஸ்.

ஆஷா என்றால் வீட்டில் "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்பார்கள். 1925-இல் தொடங்கிய சங்கம். அது தரும் மருத்துவத் திறன் சான்றிதழ்தான் சி.சி.சி. அதற்கான படிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

சி.ஏ.ஏ. என்ற அங்கீகார அமைப்பு ஏற்ற முதுநிலைப் படிப்பில் சேர வேண்டும். பல்கலைக்கழகம் எவ்வளவு பெரியது என்பது இரண்டாம் பட்சம்; அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரமோ, அதற்கு முந்தைய படியான வேட்பு நிலையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதுநிலை அளவில் குறைந்தது 36 செமஸ்டர் கிரெடிட். உயிரியல், புள்ளியியல், சமூக அறிவியல், இயற்பியல் அல்லது வேதியியல் ஆகியவற்றில் தனிப் பாடம் படித்திருக்க வேண்டும். நம் மார்க் ஷீட்டில் அவை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். சில இல்லாமலும் இருக்கும். இல்லாததை அங்கே போய்க் காசு கொடுத்துப் படிக்க வேண்டிவரும்.

அடுத்தது 400 மணிநேர மருத்துவப் பயிற்சி. 25 மணிநேரம் பார்வையிடல், 375 மணிநேரம் நேரடி சிகிச்சை. இந்த 400-இல் குறைந்தது 325 மணிநேரம் முதுநிலைப் படிப்பின்போதே செய்திருக்க வேண்டும். அப்படியென்றால் பார்வையிடல் போக, இளநிலையில் நீங்கள் செய்ததிலிருந்து அதிகபட்சம் 50 மணிநேரம்தான் எண்ணப்படும். அதையும் ஏற்பதா வேண்டாமா என்பது பல்கலைக்கழகத்தின் விருப்பம். ஒரு முழு வருட இன்டர்ன்ஷிப்பில் வார்டு வார்டாக ஓடியது ஒரு வாரச் சொச்ச வேலையாகச் சுருங்கிவிடும். மனதைத் தேற்றிக்கொண்டு போங்கள். ஆனால் கைப்பழக்கம் எங்கேயும் போகாது. முதல் செமஸ்டரில் அமெரிக்க மாணவர்கள் கை நடுங்கும்போது நீங்கள் நிதானமாக இருப்பீர்கள் என்று போனவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

பிறகு பிராக்ஸிஸ் தேர்வு, எண் 5331. 150 நிமிடத்தில் 132 கேள்விகள், தேற 162 வேண்டும். இது நம்மவர்களுக்குப் பெரிய மலை இல்லை. நம் ஊர் உள்தேர்வுகளைத் தாண்டியவர்கள் இதைத் தாண்டிவிடுவார்கள்.

மலை இருப்பது கடைசிப் படியில். பட்டம் முடித்தபின் 'கிளினிக்கல் பெலோஷிப்' என்ற வழிகாட்டலுடன் கூடிய வேலை: வாரம் 35 மணிநேரம் வீதம் 36 வாரம், மொத்தம் 1,260 மணிநேரம். இதில் 80 விழுக்காடு நேரடி மருத்துவப் பணியாக இருக்க வேண்டும். இப்போது விசாவைப் பக்கத்தில் வையுங்கள். எஃப்-1 மாணவருக்குப் படிப்புக்குப் பின் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு உண்டு. நம் துறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆக 52 வாரத்தில் 36 வாரம் பெலோஷிப். மிச்சம் 16 வாரம். அதற்குள் வேலை தேட வேண்டும், மாநிலத் தற்காலிக உரிமம் வர வேண்டும், லீவு எல்லாம் அதில்தான். வேலையில்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வேறு. மே மாதம் பட்டம் வாங்கி, ஆகஸ்ட்டில் பள்ளி திறக்கும்போது வேலையில் இருந்தால் கணக்கு சரியாக வரும். அக்டோபருக்குத் தள்ளிப்போனால் மூச்சு முட்டும்.

அதற்குப் பிறகும் அங்கே இருக்க, ஆண்டுக்கு இத்தனைதான் என்ற உச்சவரம்புள்ள எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகளுக்கு அந்த ஆண்டு உச்சவரம்பு கிடையாது. வேலை தேடும்போது இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. யாருக்குப் பொருந்தும், யாருக்கு விலக்கு என்பதை விண்ணப்பிக்கும் நாளின் நிலவரப்படி பாருங்கள். நம் தொழிலுக்கு விசாஸ்கிரீன் என்ற சுகாதாரப் பணியாளர் சான்றும் வேண்டும். அமெரிக்காவிலேயே படித்திருந்தாலும் விலக்கு இல்லை. பலருக்கு இது கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது.

பணம். வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தில் பல இடங்களில் படிப்புச் செலவு மட்டுமே 50 லட்சம் ரூபாயைத் தாண்டும். வெளியிடப் பயிற்சிக்குப் போக பெரும்பாலான ஊர்களில் கார் இல்லாமல் முடியாது; கைரேகை, பின்னணிச் சோதனை, தடுப்பூசி என்று சில்லறைச் செலவுகளும் சேரும். முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புகள் மலிவாகக் கண்ணில் படும். அவற்றுக்கு மாணவர் விசா கிடைக்காது. மறுபக்கம், வேலையில் அமர்ந்துவிட்டால் வருமானமும் அந்த அளவுக்கு இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே கணக்கில் நம் தொழிலின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 89,290 டாலர்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பனியன் என்ற பொருளில் வரும் 'வெஸ்ட்', மேற்கு என்ற பொருளில் வரும் 'வெஸ்ட்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. நம்மில் பலர் வாயிலும் ஒன்றேதான். முதல் ஒலிக்குக் கீழுதட்டில் மேற்பல் பட வேண்டும், இரண்டாவதற்கு உதடு குவிய வேண்டும். அந்த ஒலியைத்தான் நீங்கள் ஓர் அமெரிக்கக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள். வேற்று உச்சரிப்பு ஒரு தகுதிக்குறைவு ஆகாது என்று ஆஷாவே நிலைப்பாடு எடுத்திருக்கிறது. அது உரிமை. ஆனால் சரியான ஒலியைச் செய்து காட்டுவதும், குழந்தை செய்த தவற்றைக் காதால் பிடிப்பதும் திறமை. அதைப் போகுமுன்பே கண்ணாடி முன் நின்று பழகுங்கள்.

எப்போது இது சரி: அங்கே நீண்டகாலம் இருப்பதுதான் எண்ணம், வேலை அனுமதிக்கு எச்-1பி மட்டுமே நம்பிக்கை என்ற நிலை இல்லை என்றால். குறிப்பாக, கணவர் அங்கே இருந்து உங்களுக்கும் வேலை அனுமதி வரும் வாய்ப்பு இருந்தால் கணக்கே மாறிவிடுகிறது. முழுக்கக் கடனில், பெலோஷிப் முடித்துவிட்டுத் திரும்பி வரும் திட்டத்தில் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ரூபாய்ச் சம்பளத்தில் டாலர் கடன் கரையாது.

## வழி 4: இங்கிலாந்துப் பதிவு

இது பலருக்குத் தெரியாத வழி, அல்லது பாதி தெரிந்த வழி. இங்கிலாந்தில் இளநிலைப் பட்டத்தோடே இந்தத் தொழிலில் நுழையலாம். அதனால் நம் பி.ஏ.எஸ்.எல்.பி.யை வைத்து எச்.சி.பி.சி.க்கு வெளிநாட்டு விண்ணப்பதாரராக நேரே விண்ணப்பிக்கலாம். பாடத்திட்டத்தையும் பயிற்சியையும் அனுபவத்தையும் அவர்களுடைய தரவிதிகளோடு ஒப்பிட்டு முடிவு சொல்வார்கள். இன்னொரு மாஸ்டர்ஸ் செலவு மிச்சம்.

முட்டுக்கட்டை ஆங்கிலம். எச்.சி.பி.சி. மற்றத் தொழில்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தம் 7 கேட்கிறது. பேச்சு-மொழி சிகிச்சையாளருக்கு மட்டும் 8. எந்தப் பிரிவும் 7.5-க்குக் கீழே போகக் கூடாது. பிசியோதெரபி படித்த தோழி 7-இல் போய்விடுவாள், நீங்கள் எழுத்துப் பிரிவில் 7 வாங்கிக்கொண்டு மறுபடி மறுபடி கட்டணம் கட்டுவீர்கள். இந்த வழியில் நிஜமான செலவு அதுதான். நியாயமா என்றால், நியாயம்தான். சொல்லிக் கொடுக்கப் போவது அவர்கள் மொழியை.

பதிவு கிடைத்தாலும் வேலை உறுதி என்று அர்த்தமில்லை. தேசிய சுகாதார சேவையில் ஆரம்ப நிலை 'பேண்ட் 5'. 2024-25-இல் அதன் தொடக்கம் ஆண்டுக்கு 29,970 பவுண்டு. லண்டன் வாடகையை நினைத்தால் பெரிய தொகை அல்ல. பெரியவர்கள் வார்டில் வேலை வேண்டும் என்றால் விழுங்குதல் கோளாறில் உங்களுக்கு எவ்வளவு நேரடிப் பழக்கம் என்று துருவிக் கேட்பார்கள். நம் இளநிலையில் பலருக்கு அது குறைவு. அதனால்தான் இரண்டு வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

ஆஸ்திரேலியாவைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே இரண்டாண்டு நுழைவுநிலை முதுநிலைப் படிப்பு உண்டு. அரசுப் பதிவேடு இல்லை, ஸ்பீச் பெதாலஜி ஆஸ்திரேலியா என்ற சங்கத்தின் அங்கீகாரம்தான். செலவில் அமெரிக்காவுக்கு அண்ணன் தம்பி.

எப்போது இது சரி: ஆங்கிலம் வலுவாக இருந்து, கடன் வாங்க முடியாத அல்லது விரும்பாத நிலையில், கொஞ்சம் அனுபவம் கையில் இருந்தால்.

## ஒரே பார்வையில்

| | நேரே வேலை | இந்திய எம்.எஸ்சி. | அமெரிக்க எம்.எஸ். | இங்கிலாந்துப் பதிவு |
|---|---|---|---|---|
| கூடுதல் காலம் | இல்லை | 2 வருடம் | சுமார் 2 வருடம் + 36 வாரம் | படிப்பு இல்லை. தேர்வும் பரிசீலனையும் |
| பதிவு | ஆர்.சி.ஐ. | ஆர்.சி.ஐ. | மாநில உரிமம், சி.சி.சி. | எச்.சி.பி.சி. |
| பெரிய செலவு | வழிகாட்ட ஆள் இல்லாமை | இரண்டு வருடச் சம்பளம் | கட்டணமும் கடனும் | திரும்பத் திரும்ப ஆங்கிலத் தேர்வு |
| இளநிலை மணிநேரம் | முழுதும் கைகொடுக்கும் | அடித்தளமாக உதவும் | சிகிச்சையில் அதிகபட்சம் 50 | பயிற்சி, அனுபவம் இரண்டையும் பார்ப்பார்கள் |
| வேலை மொழி | தமிழ் | தமிழ், கன்னடம், இன்னும் பல | ஆங்கிலம் | ஆங்கிலம் |
| திரும்பினால் | கேள்வியே இல்லை | கேள்வியே இல்லை | கடன் துரத்தும் | இழப்பு குறைவு |

திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாடு போகிறவர்கள் சி.ஆர்.ஆர். புதுப்பித்தலை விட்டுவிடுகிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர்கல்விப் புள்ளிகளோடு புதுப்பிக்க வேண்டியது; எங்கே இருந்தாலும் அதை உயிரோடு வைத்திருங்கள். அந்த நம்பர் இருக்கும்வரை எந்த வழி அடைபட்டாலும் ஊரில் வந்து கிளினிக் திறக்கலாம். கல்லூரி வேலைக்கு வருவதென்றால் வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைத்தன்மைச் சான்று தனியாக வாங்க வேண்டும்.

என்னிடம் கேட்டால், குழப்பத்தில் இருப்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: சீனியர் இருக்கும் ஒரு மருத்துவமனையில் ஒன்றரை வருடம். அதற்குள் உங்களுக்குக் குழந்தைகள் பிடிக்கிறதா, வார்டு பிடிக்கிறதா, இந்தத் தொழிலே பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். 50 லட்சம் கொடுத்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

## எந்த வழியானாலும் இன்டர்ன்ஷிப்புக்குள் செய்ய வேண்டியது

பாதியில் நின்ற என் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்துப் பதிவுக்காக ஆங்கிலத் தேர்வை எழுதிவிட்டேன். மதிப்பெண்ணும் வந்துவிட்டது. படிப்பு விவரப் படிவத்தைக் கல்லூரி நிரப்பித் தர வேண்டும். நான் படித்தபோது இருந்த துறைத் தலைவர் மாறியிருந்தார். புதியவருக்கு என்னைத் தெரியாது, பழைய பாடத்திட்டத்தின் பிரதி துறையில் இல்லை. நாலு மாதம் அலைந்தேன். அதற்குள் தேர்வு மதிப்பெண் காலாவதியாகும் நாள் நெருங்கிவிட்டது, வீட்டிலும் சூழ்நிலை மாறிவிட்டது, விட்டுவிட்டேன்.

அதனால் கல்லூரியை விட்டு வெளியே வருமுன் முழுப் பாடத்திட்டத்தையும் ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை மணிநேரம் என்ற விவரத்தோடு, துறை முத்திரையுடன் இரண்டு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்கிரிப்டை ஒட்டிய கவரில் நாலைந்து செட் கேளுங்கள். லாக்புக்கில் வயது வாரியாக, கோளாறு வாரியாக மணிநேரத்தைக் கூட்டி எழுதி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். முக்கியமாக, சூப்பர்வைசர் கையெழுத்துக்குக் கீழே அவருடைய முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். என் லாக்புக் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. எழுபது பக்கத்துக்கும் ஒரே மாதிரி ஒரு வளைந்த கோடு போட்டிருக்கிறது, அது யாருடையது என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை.